வரிசையின் கடைசியில் நின்ற கார்

ரோலண்ட் என்ட்விசிலின் கண்ணைக் கட்டி எந்தப் பழைய காரின் பக்கத்தில் நிறுத்தினாலும், கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவார் என்று ஹேசல்கோட் கார் சங்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் கண்ணைக் கட்டாமல் நிறுத்தினால் அவரை ஜெயிக்க அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்த குடும்பக் கார்கள்தான் சங்கத்தின் உயிர். ஆஸ்டின், மோரிஸ், ஹில்மன், ஸ்டாண்டர்ட், ரோவர். எது எந்த வருஷம் வந்தது, எந்த வருஷம் முன்பக்கக் கம்பிச் சட்டமான கிரில் மாறியது, எந்த வருஷம் இரண்டு துண்டாக இருந்த முன்கண்ணாடி ஒன்றானது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அதனால் ஒவ்வொரு கோடையிலும் தேவாலயத்தை ஒட்டிய புல்வெளியில் சங்கத்தின் கார் காட்சி நடக்கும்போது மைக் அவர் கைக்குத்தான் போகும். வரிசையாக நிற்கிற கார்களின் முன்னால் நடந்தபடி ஒவ்வொன்றையும் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். பின்னாலேயே ஒரு கூட்டம் ஐஸ்கிரீமும் கையுமாக நடக்கும். ரோலண்ட் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. வாரம் முழுவதும் யாரும் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்ததில்லை. அந்த ஒரு நாள் சிரித்தார்கள்.

அந்த வருஷம் வெயில் நன்றாக அடித்தது. ரோலண்ட் ஒரு மோரிஸ் மைனரில் ஆரம்பித்தார்.

"விளக்கு ரெண்டும் எங்க இருக்குன்னு பாருங்க. கீழே, கிரில்லோட ஒட்டி. அப்படின்னா இது முதல் முதலா வந்த வண்டி. அப்புறம் வந்ததுல விளக்கு மேலே ஏறிப்போச்சு. கீழே இருந்தா, தூங்கி எழுந்த குழந்தை முகம். மேலே போனா, தலை சீவிப் பள்ளிக்கூடம் கிளம்பின முகம்."

கூட்டம் தலையாட்டியது. அடுத்தது ஒரு ஆஸ்டின் சாமர்செட். "இதுல எங்கயாவது ஒரு நேர்கோடு இருந்தா கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பேக்கரியிலேருந்து நேரா எடுத்துட்டு வந்த மாதிரி இல்ல?" அதற்கடுத்து முதுகு வளைந்த ஸ்டாண்டர்ட் வான்கார்டு. அதன் சொந்தக்காரர் வண்டிக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். ரோலண்ட் குனிந்து பார்த்தார். "வண்டி ஒரு வருஷம், பம்பர் இன்னொரு வருஷம். பக்கத்து வீட்டுக்காரர் தேடிட்டு இருக்கப்போறார், திருப்பிக் குடுத்துடுங்க." சிரிப்பு. சொந்தக்காரரும் சிரித்தார், காது சிவக்க.

வரிசையின் நடுவில் ரோலண்டின் சொந்தக் கார். பச்சை நிற ரோவர் எழுபத்தைந்து என்ற மாடல், கிரில்லின் நடுவில் மூன்றாவது விளக்கு வைத்த பழைய வகை. அதன் முன்னால் வந்ததும் அவர் குரல் எப்போதும் கொஞ்சம் தாழும்.

"இது என் வண்டி. எங்கப்பா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தார். இதே பச்சை. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போறப்போ பின் சீட்டுல நானும் என் தம்பியும். அந்தத் தோல் வாசனை இருக்கே, இப்போ கதவைத் திறந்தாலும் எனக்கு எட்டு வயசாயிடும்."

இது பொய்.

அவர் திட்டம் போட்டுச் சொல்ல ஆரம்பித்த பொய் இல்லை. சங்கத்தில் சேர்ந்த புதிதில், சங்கத் தலைவர் பெல்லாமி, ஷெர்ரி மதுக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, "குடும்பத்துல ரோவர் இருந்திருக்கும் போல?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அது நாகரிகமில்லை. என்ன கார் வைத்திருந்தார் என்று கேட்பார்கள். பதில் வந்ததும் வேலை, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ரோலண்ட், "ஆமா, அப்பா வச்சிருந்தார்" என்றார். பெல்லாமியின் முகம் மலர்ந்தது. அதன் பிறகு அந்த ரோவருக்கு ஒரு நிறம் வேண்டியிருந்தது, ஒரு வாசனை வேண்டியிருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார். சொல்லிச் சொல்லி, சில சமயம் அந்தப் பின் சீட்டு அவருக்கே நினைவில் இருப்பது போலத் தோன்றும்.

உண்மையில் அவர் அப்பா ஃப்ரெட் என்ட்விசில் வடக்கே பர்ன்லி பக்கம் ஒரு பஞ்சாலையில் எந்திரம் பழுது பார்த்தவர். அவரிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் உரிமம் மட்டும். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடிய கார் ஒன்று இருந்தது, மூன்று சக்கரத்தில். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஒரே கதவு, மேலே துணிக்கூரை, பின்னோக்கிப் போகும் கியர் கிடையாது. பாண்ட் மினிகார் என்று பெயர். முன்சக்கரத்தின் மேலேயே ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். பின்னால் இரண்டு பிள்ளைகள் முழங்கால் முட்ட எதிரெதிராக உட்காரக் கித்தான் இருக்கை. ரோலண்டும் தம்பி நார்மனும் அதில்தான் வளர்ந்தார்கள்.

ரோலண்டின் மனைவி டெலியாவுக்கு இந்த உண்மையெல்லாம் தெரியும். அவளுக்குத் தெரியாதது பொய்தான். கார் காட்சி என்றாலே அவளுக்குக் கொட்டாவி வரும். ஒரு வருஷம்கூட வந்ததில்லை. அந்த வருஷம் மட்டும் வருவதாக இருந்தாள். அதற்குக் காரணம் நார்மன். வசந்த காலத்தில் நார்மன் அவளுக்கு ஃபோன் செய்திருந்தார். "அப்பா வண்டி ரெடியாயிடுச்சு டெலியா. ஓடுது. ரோலிகிட்ட சொல்லாத. நானே அந்தக் காட்சிக்கு எடுத்துட்டு வரேன். மைக்கோட வந்து அதுக்கு முன்னாடி நிக்கறப்போ அவன் மூஞ்சியப் பாக்கணும்." டெலியா பெல்லாமியிடம் பேசி, வடக்கிலிருந்து ஒரு வண்டி வரும், கடைசியில் இடம் வையுங்கள், ரோலண்டிடம் மூச்சுவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். யாருடைய வண்டி என்று சொல்லவில்லை. சொன்னால் பெல்லாமி உளறிவிடுவார்.

ரோலண்ட் இரண்டு ஹில்மன்களையும் ஒரு ஃபோர்டு கான்சலையும் தாண்டி வந்தார். அப்போது கடைசி வண்டி தெரிந்தது, ஐந்து நிமிஷம் முன்புதான் வந்து நின்றது.

பெயர் சொல்ல அவருக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. அந்த மூக்கு, சக்கரமே இல்லாமல் பொய்க்கு வைத்த இரண்டு முன் மட்கார்டுகள், வெளிர் நீலம். பிறகு எண் பலகை. பிறகு அதன் பக்கத்தில் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, தொப்பியைக் கழற்றியபடி, வாயெல்லாம் பல்லாக நின்ற நார்மன்.

பின்னால் கூட்டம். பத்து நிமிஷம் முன்புதான் தோல் வாசனையைப் பற்றிக் கேட்ட அதே கூட்டம். பெல்லாமி உற்சாகமாகக் கையைத் தட்டினார். "ரோலண்ட், இதோ உங்களுக்குப் பரீட்சை! இதைச் சொல்லுங்க பாப்போம்."

ரோலண்டின் வாய் தானாகப் பேசியது. "பாண்ட் மினிகார். ஐம்பத்து நாலு. குடும்பத்துக்குன்னு விட்டது, பின்னால பிள்ளைங்க உட்கார இடம் இருக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நார்மன் இரண்டு கைகளையும் விரித்து ஒரு அடி முன்னால் வந்தார். இன்னும் ஒரு அடி வந்தால் கட்டிப்பிடித்திருப்பார். அந்த ஒரு அடியை ரோலண்டால் தாங்க முடியவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கார் வாங்க முடியாதவங்க இதை வாங்குவாங்க. மழைக்கு ஒதுங்கின மோட்டார் சைக்கிள்னு வச்சுக்கங்களேன். ரோட்டுல இதைத் தாண்டிப் போறப்போ நாங்க ரோவரோட பின் சீட்டுலேருந்து கையாட்டுவோம். பாவம், அவங்களும் கையாட்டுவாங்க."

அன்று முழுவதும் வந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான் வந்தது.

நார்மனின் கைகள் இறங்கின. கோபப்பட்டது போலத் தெரியவில்லை. ஆள் மாறிப்போய்ப் பேசிவிட்டவர் போல ரோலண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

பெல்லாமிக்கு எதுவும் புரியவில்லை. விருந்தாளி மனம் நோகக்கூடாதென்று ரோலண்டின் கையிலிருந்து மைக்கை வாங்கி நார்மன் பக்கம் நீட்டினார். "ரொம்ப அழகா புதுப்பிச்சிருக்கீங்க சார். எங்க கிடைச்சது?"

"எங்கப்பாவோடது."

"அப்படியா! ரிப்பேரெல்லாம் அவரே பாத்துக்குவாரா?"

"மில்லுல மெக்கானிக்." நார்மன் வண்டியின் மூக்கில் கை வைத்தார். "இதுலதான் எங்கள வேல்ஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். மலையேற்றத்துல எஞ்சின் சூடாயிடும். நாங்க இறங்கி நடப்போம். அவர் முன்னால போய் டீ போட்டு வச்சிருப்பார்."

"அருமை, அருமை. உங்க பேரு?"

"நார்மன்." குடும்பப் பெயர் தொண்டைவரை வந்து நின்றதை ரோலண்ட் பார்த்தார். "நார்மன்னே இருக்கட்டும்."

தம்பி தன்னைக் காப்பாற்றுகிறான் என்பது ரோலண்டுக்குப் புரிந்தது. நன்றி வரவில்லை.

அப்போதுதான் டெலியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கையில் மூடிபோட்ட பெரிய கேக் டப்பாவோடு. பஸ் நேரத்துக்கு வராமல் தாமதமாகிவிட்டது. மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"ஐயோ, நான் வர்றதுக்குள்ள பாத்துட்டீங்களா! நார்மன்!" டப்பாவைப் பெல்லாமியின் கையில் திணித்துவிட்டு நார்மனைக் கட்டிக்கொண்டாள். "எப்படி இருந்துச்சு? அழுதானா? இவன் நிச்சயம் அழுவான்னு உங்க வீட்டு ஐரீன்கிட்ட சொன்னேன்." கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இவங்கப்பா வண்டி இது! அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இதுலதான் வளர்ந்தாங்க. இவர்தான் ரோலண்டோட தம்பி!"



வேறு எந்த ஊராக இருந்தாலும் யாராவது ஒருத்தர் சிரித்திருப்பார், இல்லை, "அப்போ அந்த ரோவர்?" என்று கேட்டிருப்பார். அப்படிக் கேட்டிருந்தால்கூட ரோலண்ட் ஏதாவது சமாளித்திருக்கலாம். இவர்கள் கேட்கமாட்டார்கள். ஒருவர் தன் ஷூவைப் பார்த்தார். ஒரு பெண்மணி குழந்தையின் வாயைத் துடைக்க ஆரம்பித்தாள். பம்பர் தவறாக இருந்த வான்கார்டுக்காரர் வானத்தைப் பார்த்து, மேகம் ஏதாவது வருகிறதா என்று தேடினார். அவருக்குத்தான் சிரிக்க முழு உரிமை இருந்தது. அவரும் சிரிக்கவில்லை.

பெல்லாமி கேக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "டீ போட்டிருக்காங்கன்னு நினைக்கறேன். ஆறிடப்போகுது. போலாமா எல்லாரும்?"

கூட்டம் நன்றியோடு கலைந்தது. டெலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல டெலியா" என்றார் நார்மன். "கேக்கைக் காட்டு. பசிக்குது."

ரோலண்ட் டீக் கூடாரத்துக்குப் போகவில்லை. தன் ரோவருக்குப் போய்க் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். செய்தித்தாள் கிடந்தது, விரித்துக்கொண்டார், எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை. அந்த இருக்கையிலிருந்து கூடாரம் தெரிந்தது. நார்மன் தட்டை ஏந்தியபடி யாரோ சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரிடம் பிரியமாகத்தான் நடந்துகொண்டார்கள், அளவுக்கு மேலேயே.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வயதான ஒரு பெண்மணி, பக்கத்தில் சக்கர நாற்காலியில் கணவர். முதலில் ரோவரைப் பற்றி ரோலண்ட் பேசியபோது இருந்தவள், பிறகு கழிப்பறைப் பக்கம் போய்விட்டவள். கடைசி வண்டிக்கு முன்னால் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"தொந்தரவு பண்றேனா? இவரைக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு நினைச்சேன். நீங்க சொன்னீங்களே, உங்கப்பா இதே மாதிரி வச்சிருந்தார்னு. இவரோட மாமாவும் வச்சிருந்தாராம். இதே பச்சையா உங்கப்பாவோடது?"

சொல்லிவிடலாம். அந்நியப் பெண்மணி, மறுபடி பார்க்கப்போவதில்லை. இதைவிடச் சுலபமான இடம் கிடைக்காது. ரோலண்ட் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார். "இதே பச்சை."

அவள் போன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. நார்மனுக்கு முன்னால் வந்தது பயம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர்? யாரும் விரட்டவில்லை. அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பரிசளிப்பின்போது தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி மைக்கை வாங்க மறுத்துவிட்டார். பெல்லாமியே பேசினார். கைதட்டல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, மைதானத்தின் ஓரத்தில் நார்மன் தனியாளாகப் பாண்டை இழுவை வண்டிமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். ரோலண்ட் போய் ஒரு பக்கம் தள்ளினார். நார்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தார், கயிற்றை இழுத்துக் கட்டினார். இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தபோது ரோலண்டுக்குத் தெரிந்தது: அலுமினியத் தகடு ஒவ்வொன்றும் கையால் தட்டி நேராக்கியது. கித்தான் இருக்கைகளில் தையல் புதிது. ஐரீன் கைவேலையாக இருக்கும்.

"நார்மன், நான்..."

"விடு. மைக்கைக் கையில குடுத்தா யாரா இருந்தாலும் நாலு வார்த்தை கூடத்தான் வரும்."

"இல்ல, நான் சொல்றது..."

நார்மன் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். "கையாட்டுவோம்னு சொன்ன பாரு. அதுதான் எனக்குப் புரியவே இல்ல ரோலி. உள்ள இருந்தது நாமதானடா. நம்மளப் பாத்து எவன் கையாட்டினான்?"

நார்மன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டெலியாவிடம் விடைபெற்றுக்கொண்டு, வடக்கே போகும் சாலையில் திரும்பினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் டெலியா ரோவரில் அவர் பக்கத்தில், காலி கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடாரத்தில் ஆளாளுக்கு அரைகுறையாகச் சொன்னதை ஒன்றுசேர்த்து அவள் விஷயத்தைத் தெரிந்துகொண்டுவிட்டாள்.

"எப்போலேருந்து இந்த ரோவர் கதை?"

"சங்கத்துல சேர்ந்ததுலேருந்து."

"வருஷா வருஷமா?"

"ஆமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கப்பாவும் ஊரெல்லாம் கடன் வச்சிட்டுத்தான் செத்தார். யார் கேட்டாலும் சொல்லுவேன். நீ ஏன் இப்படி இருக்க?" பிறகு, "நான்தான் இடம் பிடிச்சுக் குடுத்தேன் அவருக்கு. அந்தப் பாவம் எனக்கும்தான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோலண்ட் கியரை மாற்றினார், மாற்ற வேண்டிய அவசியமில்லாத இடத்தில்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம், வழக்கம்போல மதுக்கடையின் பின்னறையில். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். போனார். எல்லோரும் அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். எல்லோரும் பீர் வாங்கிக் கொடுக்கப் பார்த்தார்கள். ஒருவர்கூட அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் சாவு விழுந்தவரை நடத்துவது போல நடத்தினார்கள். கடைசியில் ரோலண்ட் எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி என் தம்பி..."

"அட, உட்காருங்க ரோலண்ட்" என்று பெல்லாமி அவசரமாக இடைமறித்தார். "அதெல்லாம் எதுக்கு இப்போ? அப்பாக்களப் பத்தி நாம எல்லாரும் கொஞ்சம் ஏத்தித்தான் சொல்றோம். எங்கப்பா போர்ல சுட்டு வீழ்த்தின விமானம் எத்தனைன்னு எனக்கே குழப்பம். சரி, இலையுதிர் காலச் சுற்றுலாவுக்கு எங்க போலாம்?"

சிரிப்பு, நிம்மதி. ரோலண்ட் நின்றபடியே இருந்தார், பிறகு உட்கார்ந்தார். அவர்கள் அன்பானவர்கள். அந்த அன்புதான் அவரை அந்த இடத்திலேயே வைத்துப் பூட்டியது. மன்னித்துவிட்டார்கள், ஆனால் அவர்கள் மன்னித்தது ரோவர் கதையை. நார்மனைப் பார்த்து அவர்களும் சிரித்தார்களே, அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டியவர் அந்த அறையில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ரோலண்ட் வடக்கே போனார். ரோவரை எடுக்கவில்லை, தினமும் ஓட்டும் காரில் போனார். ஃபோன் செய்யாமல் போனதற்குக் காரணம், செய்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான்.

கதவைத் திறந்தது நார்மனின் மனைவி ஐரீன். எப்போது வந்தாலும் அவர் கோட்டைக் கழற்றும் முன்பே கெட்டிலை அடுப்பில் வைப்பவள். இன்று கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"ஓ. நீங்களா."

"அவன் இருக்கானா ஐரீன்?"

"இருக்கார். நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி அவர் தூங்கல. சின்னப் பையனாட்டம். அந்த நீலம் சரியான நீலமான்னு அப்பாவோட பழைய பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்து ஒத்துப் பாத்தார். நிறம் மாறினா ரோலி கண்டுபிடிச்சுடுவான்னு." அவள் குரல் உடைந்தது, உடனே சரியானது. "திரும்பி வந்ததும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னார். கேக் நல்லா இருந்துச்சாம். அவ்வளவுதான் சொன்னார். மீதிய டெலியா சொல்லித்தான் தெரியும். பின்னால இருக்கார், போங்க."

நார்மன் கொட்டகையில் இருந்தார். பாண்டின் மூக்கு திறந்திருந்தது. ரோலண்டைப் பார்த்ததும் கையிலிருந்த துணியால் ஒரு ஸ்டூலைத் துடைத்து நகர்த்திவைத்தார். ரோலண்ட் உட்காரவில்லை. வழியெல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை.

"எனக்கு வெக்கமா இருந்துச்சு நார்மன். அப்பாவை நினைச்சு. இப்போ என்னை நினைச்சு. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

நார்மன் ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டினார். "தெரியும். அப்பாவுக்கும் தெரியும்."

"அப்பாவுக்கா?"

"மழை நாள்ல உன்னை அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுவாரே. சேப்பல் இருக்கற தெரு முனையிலேயே இறக்கிடுவார், நீ மீதி தூரம் நனைஞ்சுக்கிட்டே போவ. ஏம்ப்பா வாசல்ல விடலன்னு நான் கேட்டேன். அங்க வண்டியத் திருப்ப இடம் பத்தாதுடான்னார்." நார்மன் குனிந்து, முன்சக்கரத்தைக் கையால் பிடித்து ஒரு பக்கமாகத் திருகினார். சக்கரம் முழுசாகக் குறுக்கே திரும்பியது. எஞ்சினும் அதோடு சேர்ந்து திரும்பியது. "இது நின்ன இடத்துலயே பம்பரம் மாதிரி திரும்பும். இந்தக் கொட்டகைக்குள்ளயே திருப்பலாம். இதுக்கா இடம் பத்தல? எனக்கே இதைப் பிரிச்சு மாட்டறப்போதான் உறைச்சுது. நீ முனையில இறக்கச் சொல்லிக் கேட்டியா, இல்ல அவராவே புரிஞ்சுக்கிட்டாரா, அது எனக்குத் தெரியாது."

ரோலண்ட் கேட்டதில்லை. கேட்கவே தேவைப்படவில்லை. ஒரு நாள் பள்ளி வாசலில் இறங்கும்போது யாரோ ஒரு பையன் எதையோ சொல்லிக் கத்தினான். ரோலண்ட் அப்பாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஓடினார். மறுநாளிலிருந்து வண்டி முனையில் நின்றது. திருப்ப இடமில்லை என்ற காரணத்தை அப்பா அவரிடமும் சொன்னார். ஊரில் இருக்கும் அத்தனை காரைப் பற்றியும் தெரிந்த ரோலண்ட், அந்த ஒரு காரணத்தை மட்டும் இத்தனை வருஷம் எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தார்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுதார் என்று சொல்ல முடியாது. முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டு இருந்தார். நார்மன் தோளைத் தொடவில்லை. வண்டியின் மூக்கை மூடிவிட்டு, வெளியே போய், இரண்டு குவளையில் டீயோடு திரும்பி வந்தார்.

"சர்க்கரை போட்டிருக்கு" என்றார்.

பிறகு கார்ப்யூரேட்டரைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது நார்மன் வாசல்வரை வந்தார்.

"எப்ப வேணா வா. ஐரீன் கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பா, கண்டுக்காத. ஆனா நான் அங்க வரமாட்டேன் ரோலி. கூப்பிடாத."

"சரி."

"வண்டியும் வராது."

"சரி."

அடுத்த கோடையில் மறுபடி காட்சி நடந்தது. மைக் வேறு யாருக்காவது போகும் என்று ரோலண்ட் எதிர்பார்த்தார். பெல்லாமி ஒன்றுமே நடக்காதது போல அவர் கையிலேயே கொடுத்தார். வானம் மூடியிருந்தது, கூட்டம் குறைவு. ரோலண்ட் ஒவ்வொரு காராகச் சொல்லிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர்களைக் கேலி செய்யவில்லை. அதனால் சிரிப்பும் அதிகமில்லை. பச்சை ரோவருக்கு முன்னால் வந்ததும் நின்றார். பெல்லாமி ஒரு அடி முன்னால் வந்தார், தேவைப்பட்டால் மைக்கை வாங்கிக்கொள்ள.

"இது ரோவர் எழுபத்தஞ்சு. ஒரு பல் வைத்தியரோட மனைவிகிட்ட வாங்கினேன். எங்கப்பா இந்த மாதிரி வண்டியில ஏறினதே இல்ல. அவர் ஃப்ரெட் என்ட்விசில், மில்லுல மெக்கானிக். அவர் வச்சிருந்தது மூணு சக்கர பாண்ட். போன வருஷம் இங்க வந்துச்சு. நான் அதைப் பாத்து உங்களச் சிரிக்க வச்சேன். அதோட பக்கத்துல நின்னவர் என் தம்பி நார்மன் என்ட்விசில். அந்த வண்டி இனிமே இங்க வராது."

அவ்வளவு நேரமும் அவருக்குத் தன் குரல் ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்து காதில் விழுந்துகொண்டிருந்தது, வேறொருவர் பேசுவது போல. பேசி முடித்தார். மனம் லேசாகும் என்று எங்கோ ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும், லேசாகவில்லை. முன்வரிசையில் இருந்த ஓர் இளம் தம்பதி, புதிதாக வந்தவர்கள், ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெல்லாமி தன் ஷூவைப் பார்த்தார். டெலியா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள், கைகளைக் கட்டிக்கொண்டு, அவரையே பார்த்தபடி.

சில தூறல்கள் விழுந்தன. ரோலண்ட் மைக்கின் வயரைக் காலிலிருந்து விலக்கிக்கொண்டு அடுத்த காருக்கு நகர்ந்தார்.

"இது ஹில்மன் மிங்க்ஸ்" என்றார். "ஐம்பத்தாறு. ரெண்டு நிறம் அடிச்சிருக்காங்க பாருங்க."